ஷார்க்நேடோ சலிக்கிறது, கொலைகார ஆயா சலிக்கவில்லை: ஏன்?

நள்ளிரவுவாசி:

டிவிக்காகவே எடுக்கப்படும் அமெரிக்க த்ரில்லர்களுக்கு நான் அடிமை. லைஃப்டைம் சேனல் ரகம். பெரிய வீடு, பளபளக்கும் சமையலறை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வரும் பெண். முதல் காட்சியில் அவள் சிரிக்கிற சிரிப்பிலேயே தெரிந்துவிடும், சம்பளத்துக்காக வந்தவள் இல்லை என்று. அப்புறம் டப்பாவில் மாத்திரை மாறும், காரில் பிரேக் பிடிக்காது, சந்தேகப்பட்ட தோழி மாடிப்படியில் உருளுவாள். வீட்டுக்காரர் மட்டும் கடைசிப் பத்து நிமிடம் வரை "பாவம், நல்ல பெண்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எடுப்பவர்களுக்கும் இது கூத்து என்று தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் பாதியில் நிறுத்த முடிவதில்லை. சரி, நமக்கு மிகை பிடிக்கிறது போல என்று நினைத்து, நண்பர் ஒருவர் சொன்னபடி ஷார்க்நேடோ பார்த்தேன். சூறாவளி கடலிலிருந்து சுறாக்களை உறிஞ்சி லாஸ் ஏஞ்சலஸ் மேல் கொட்டுகிறது. இதற்கு மேல் மிகை உண்டா? அரை மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிட்டது.

அப்படியென்றால் எனக்குப் பிடித்திருப்பது என்ன? "மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள்" என்ற பதில் வேண்டாம். ஆயா படங்களில் என் மூளை நன்றாகவே ஓடுகிறது. அடுத்து யார் எங்கே உருளுவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

சுறாப்பல்:

ஷார்க்நேடோவைத் தனியாக உட்கார்ந்து பார்த்தீர்களா? அதுதான் கோளாறு. 2013 ஜூலை 11 இரவு சைஃபை சேனலில் அது முதலில் வந்தபோது படத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் ட்விட்டரில் எழுதித் தள்ளியவர்கள்தான். முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர். பிரமாதமான எண்ணிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் இரைச்சலைக் கேட்டு மறு ஒளிபரப்புக்கு வந்த கூட்டம் அதைத் தாண்டிவிட்டது. டிவி படத்துக்கு இது தலைகீழ் கதை. பிறகு 2018 வரை ஆண்டுக்கு ஒன்றாக மொத்தம் ஆறு படம்.

கதாநாயகன் சங்கிலி ரம்பத்தோடு சுறாவின் வாய்க்குள் பாய்ந்து, உள்ளேயிருந்து அறுத்துக்கொண்டு வெளியே வருவான். அந்த நேரத்தில் பக்கத்தில் சேர்ந்து கத்த ஆள் வேண்டும். அந்தப் படமே கூட்டம் கூடுவதற்கு ஒரு சாக்குதான்.

ஆயா படங்களை நான் பார்ப்பதில்லை. எல்லாம் ஒரே கதை.

வரிக்குக்கீழே:

இந்தப் படங்களுக்கு சப்டைட்டில் போடுவதுதான் என் பிழைப்பு. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

எனக்கு வரும் கோப்பில் விளம்பரம் இருக்காது, விளம்பரம் இருந்த தடம் இருக்கும். திரை ஓரிரு நொடி கறுத்து மறுபடி வெளிச்சமாகும். இரண்டு மணி நேர ஒளிபரப்பில் படம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான், மீதி விளம்பரம். விளம்பரத்தின்போது ஆள் வேறு சேனலுக்குத் தாவிவிடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு கறுப்புக்கும் முன்னால் ஓர் அதிர்ச்சி இருந்தே ஆக வேண்டும். "அந்தப் பெயரில் இங்கே யாரும் வேலை பார்த்ததில்லையே." கறுப்பு. "கதவு ஏன் திறந்திருக்கிறது?" கறுப்பு. சாதாரணக் குடும்பம் ஒன்றில் ஓர் ஆயாவால் ஒரே வாரத்தில் இத்தனை அதிர்ச்சி தர முடியுமா? அதனால் அவளுக்குப் பொய்ப்பெயர் வேண்டும், செத்துப்போன சகோதரி வேண்டும், மனநல மருத்துவமனையில் பழைய கோப்பு வேண்டும். இந்த மிகையில் பாதி எழுத்தாளரின் கிறுக்கு, மீதிப் பாதி விளம்பர அட்டவணை கேட்டு வாங்கியது.

கறுப்புக்குப் பின்னால் வரும் வரி இன்னும் வேடிக்கை. மனைவி கணவனிடம் "நம் மகளைப் பார்த்துக்கொள்ள போன வாரம் நாம் வேலைக்கு வைத்த பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும்" என்பாள். அவனுக்குத் தெரியாதா என்ன? அவள் பேசுவது அவனிடம் இல்லை, நடுவில் வந்து உட்கார்ந்த பார்வையாளரிடம். இப்போது அதே படத்தை விளம்பரமே இல்லாமல் ஸ்ட்ரீமிங்கில் பார்க்கிறோம். அதிர்ச்சி, உடனே விளக்கம், மறுபடி அதிர்ச்சி என்று மூச்சு விட இடமில்லாமல் வந்து விழுகிறது. டிவியில் பார்த்தவருக்கு இது இவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்காது. எனக்கு இந்தப் பதிப்புதான் பிடிக்கிறது.

பட்ஜெட்டும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. படப்பிடிப்புக்கு இரண்டு மூன்று வாரம் கிடைத்தால் பெரிது. வரிச்சலுகைக்காகப் பல படங்கள் கனடாவில் எடுக்கப்படும், கதை அமெரிக்காவில் நடப்பதாக இருக்கும். கிடைத்த ஒரு வீட்டிலேயே எல்லாம் நடந்தாக வேண்டும் என்பதால் வில்லி வீட்டுக்குள் குடிவந்தே தீர வேண்டும். காவல் நிலையம் என்றால் ஒரு மேஜை, ஒரு அதிகாரி, பின்னால் ஒரு கொடி. அந்த அதிகாரி கதாநாயகி சொல்வதை நம்பவே மாட்டார். நம்பிவிட்டால் நாலு போலீஸ் கார் வாடகைக்கு எடுக்க வேண்டுமே.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வித்தியாசம் நடிப்பவர்களின் முகத்தில் இருக்கிறது. ஷார்க்நேடோவில் எல்லோரும் உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள், "பார்த்தாயா, எவ்வளவு அபத்தம்!" என்று. நீங்கள் கண்டுபிடிக்க எதுவும் மிச்சம் இல்லை. ஆயா படத்தில் மிகை திரைக்கதையோடு நின்றுவிடும். தளத்தில் ஒருவரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கதாநாயகி, தன் வாழ்க்கையில் நிஜமாகவே இப்படி நடப்பதுபோலக் கலங்குவாள். வில்லிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அதுவும் தனியாக இருக்கும்போது. காரில் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டு அலறுவாள். கார்க் கதவைத் திறந்து இறங்கியதும் குரலில் தேன் வழியும். அந்த இரண்டு முகத்தையும் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் மூளை ஓடுவதாகச் சொன்னீர்களே, அது ஓடும் இடம் இதுதான்.

இந்த வித்தை பழையது. ஏபிசி சேனல் 1969-ல் வாராவாரம் டிவிக்கான புதுப்படம் போட ஆரம்பித்தது, ஒன்றரை மணி நேர இடத்தில். அதில் 1971-ல் வந்ததுதான் ஸ்பீல்பெர்க்கின் டூயல். ஒரு துருப்பிடித்த லாரி ஒரு விற்பனைப் பிரதிநிதியைக் கொல்லத் துரத்துகிறது, காரணமே இல்லாமல். டிரைவரின் கையும் பூட்ஸும் தெரியும், முகம் தெரியாது. கதையைச் சொல்லிக் காட்டினால் சிரிப்பு வரும், படத்தில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். டிவிக்கு எடுத்தது 74 நிமிடம். வெளிநாட்டுத் தியேட்டர்களுக்காகக் கூடுதல் காட்சிகள் எடுத்து 90 நிமிடமாக்கினார்கள். என்னைக் கேட்டால் 74-தான் சரியான அளவு.

1975-ல் அதே ஏபிசியில் ட்ரிலஜி ஆஃப் டெரர். மூன்று கதை, கடைசியில் வருவதை மட்டும் பார்த்தால் போதும். கையில் ஈட்டி பிடித்த ஒரு மரப்பொம்மை உயிர்பெற்று, அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணைத் துரத்துகிறது. அந்தப் பெண்ணாக நடித்த கேரன் பிளாக் அதற்கு முன்பே ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர். அந்தக் கதையில் அவருக்குத் துணை ஒரு தொலைபேசியும் அந்தப் பொம்மையும்தான். ஒரு இடத்திலாவது "இது பொம்மைதானே" என்ற நினைப்பு அவர் முகத்தில் வந்திருந்தால் எல்லாம் போயிருக்கும். வரவில்லை.

நூலகப்பூனை:

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் 1964-லேயே இதைத் தொட்டிருக்கிறார். 'கேம்ப்' ரசனை, அதாவது மிகையையும் செயற்கையையும் ருசிக்கிற ரசனை, பற்றிய கட்டுரையில், தான் அபத்தம் என்று தெரியாமலே அபத்தமாக இருப்பதுதான் அசல், தெரிந்து செய்வது பெரும்பாலும் அவ்வளவு ருசிக்காது என்கிறார். அப்படிப் பார்த்தால் லைஃப்டைம்காரர்களுக்கும் இப்போது எல்லாம் தெரிந்துவிட்டதே. பிறகு எப்படி ருசிக்கிறது?

வரிக்குக்கீழே:

தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கத் தெரிந்தால் ருசிக்கும். எ டெட்லி அடாப்ஷன் பாருங்கள். வில் ஃபெரல், கிறிஸ்டன் விக் இரண்டு பேரும் நகைச்சுவைக்குப் பேர் போனவர்கள். ரகசியமாக லைஃப்டைமுக்கு ஒரு படம் எடுத்தார்கள். 2015 ஏப்ரலில் செய்தி கசிந்ததும், படத்தைக் கைவிடுவதாக ஃபெரல் சொல்லிவிட்டார். ஜூனில் திடீரென்று விளம்பரப் பலகை முளைத்தது, 20-ம் தேதி படம் ஒளிபரப்பாகிவிட்டது.

குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும் தம்பதி, ஒரு கர்ப்பிணிப் பெண்ணை வீட்டில் தங்க வைக்கிறார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்லத் தேவையில்லை. வழக்கமான லைஃப்டைம் தம்பதி எப்படி நடிப்பார்களோ அப்படியே இருவரும் நடித்தார்கள், கூடவும் இல்லை குறையவும் இல்லை. நகைச்சுவை எப்போது வரும் என்று கடைசிவரை காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. இரண்டு பெரிய நகைச்சுவை நடிகர்கள் ஒன்றரை மணி நேரம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதே நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு விருந்து.

கதவுச்சங்கிலி:

எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் மன்னிக்கவும். விளம்பர இடைவெளியை இவ்வளவு அளந்தவர்கள், படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்று கேட்கவில்லையே. லைஃப்டைம் 1984-ல் தொடங்கியது. பெண்களுக்கான டிவி என்று பல வருடம் தன்னைச் சொல்லிக்கொண்ட சேனல் அது.

கதாநாயகி முதல் அரை மணி நேரத்திலேயே சொல்லிவிடுகிறாள், "இந்தப் பெண்ணிடம் ஏதோ சரியில்லை" என்று. கணவன் என்ன சொல்கிறான்? உனக்குத் தூக்கம் போதவில்லை. டாக்டர்? மாத்திரை எழுதித் தருகிறார். போலீஸ்? ஆதாரம் எங்கே. தோழி ஒருத்திதான் நம்புகிறாள், அவளும் மாடிப்படியில் போய்விடுகிறாள். (வரிக்குக்கீழே சொன்ன போலீஸ் கார் வாடகைக் கணக்கைப் படித்துச் சிரித்தேன். ஆனால் காசு இருந்திருந்தாலும் அந்த அதிகாரி நம்பியிருக்க மாட்டார்.) செத்துப்போன சகோதரியும் பொய்ப்பெயரும் அபத்தம்தான். ஒரு பெண் சொல்வதை ஒருவர் மாற்றி ஒருவர் தட்டிக் கழிப்பதில் மட்டும் அபத்தம் எதுவும் இல்லை. எண்பதாவது நிமிடத்தில் அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி என்று ஆகிறது, கணவன் கட்டுப்போட்ட தலையோடு மன்னிப்புக் கேட்கிறான். என் அம்மாவும் நானும் இந்தப் படங்களைச் சேர்ந்துதான் பார்ப்போம். அம்மா வில்லியை ஒரு வார்த்தை திட்ட மாட்டார். திட்டு முழுவதும் அந்தக் கணவனுக்குத்தான்.

இன்னொன்று. உண்மைக் குற்றங்களைச் சுடச்சுட டிவி படமாக்குவது ஒரு காலத்தில் பெரிய வியாபாரம். ஒரே வழக்கை வைத்து 1992 டிசம்பர் கடைசிக்கும் 1993 ஜனவரி தொடக்கத்துக்கும் இடையில் என்பிசி, சிபிஎஸ், ஏபிசி மூன்றும் ஆளுக்கொரு படம் போட்டன, அதில் இரண்டு ஒரே இரவில். அதுவும் மிகைதான். ஆனால் திரைக்கு வெளியே நிஜமாகவே சுடப்பட்ட ஒரு பெண்ணும் சிறைக்குப் போன இன்னொரு பெண்ணும் இருந்தார்கள். அந்த ரகத்தை என்னால் ரசிக்க முடியாது. கற்பனை ஆயா எத்தனை பேரை உருட்டினாலும் யாருக்கும் வலிக்காது. வேண்டுமென்றே அபத்தமாக இருப்பதில் எனக்குப் பிடித்தது அந்த நாணயம்.

நள்ளிரவுவாசி:

கதவுச்சங்கிலி சொன்னது சுருக்கென்று தைத்தது. நான் இதுவரை வில்லியின் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் போல. கணவனை இனிக் கவனிக்கிறேன்.

வரிக்குக்கீழே, ஒரு சந்தேகம். தலைப்பில் 'ராங்' என்று வரும் ஒரு வரிசை இருக்கிறதே, நடிகை விவிகா ஏ. ஃபாக்ஸ் வருவது. அதில் கண்ணடிக்கிறார்களே, ஆனாலும் எனக்குப் பிடிக்கிறது. உங்கள் விதி உடைகிறதா?

வரிக்குக்கீழே:

உடைகிறது, ஆனால் ஒரே ஒரு இடத்தில்தான். டேவிட் டிகோட்டோ இயக்கும் வரிசை அது, 2016-ல் தி ராங் ரூம்மேட்டில் தொடங்கியது. ஃபாக்ஸ் தயாரிப்பிலும் இருக்கிறார். ஒரு படத்தில் தலைமையாசிரியை, ஒரு படத்தில் போலீஸ் என்று பக்கத்தில் ஒரு வேடத்தில் வருவார். முடிவில் வில்லனைப் பார்த்து, "தப்பான ஆளிடம் மோதிவிட்டாய்" என்கிற தோரணையில் தலைப்பையே வசனமாக விடுவார். கண்ணடிப்பு அவ்வளவுதான். எண்பது நிமிடம் ஒழுங்காக இருந்தவர்களுக்கு ஒரு நொடி சலுகை கொடுக்கலாம். ஷார்க்நேடோ முதல் காட்சியிலேயே அந்தச் சலுகையை எடுத்துக்கொள்கிறது.

சுறாப்பல்:

அண்ணே, இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றாவது பார்க்காவிட்டால் மரியாதை இல்லை. அந்தத் தத்தெடுக்கும் படத்திலிருந்து தொடங்கட்டுமா?

வரிக்குக்கீழே:

வேண்டாம். அசலைப் பார்க்காமல் அதைப் பார்த்தால், என்னத்தைப் போலச் செய்கிறார்கள் என்றே பிடிபடாது. முதலில் பெயர் தெரியாத ஏதாவது ஓர் ஆயா படம், நடிகர் யாரையும் அடையாளம் தெரியாததாகப் பார்த்து எடுங்கள். திரை கறுக்கும் ஒவ்வொரு தடவையும் அடுத்து என்ன என்று ஊகித்து வையுங்கள். ஃபெரல் படம் அதற்கு அப்புறம்.