பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தால் அரிஸ்டாட்டில் கணக்கில் அது சேராதா?

நள்ளிரவுவாசகன்

அரிஸ்டாட்டிலின் அறவியல் நூலான நிக்கோமாகியன் எதிக்ஸை இரண்டு மாதமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் பத்துப் பகுதிகள், ஏழாவதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அங்கே இரண்டு பேரைப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவனுக்குத் தப்பான ஆசை வருகிறது, அதை அடக்கிச் சரியானதையே செய்கிறான். இன்னொருவனுக்கு அந்த ஆசையே எழுவதில்லை. நற்பண்பு, அதாவது அரெதே, இரண்டாவது ஆளிடம்தான் முழுதாக இருக்கிறதாம். முதல் ஆள் ஒரு படி கீழே.

இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், அப்பாவுக்கு மறதி நோய். நேற்று சாயங்காலம் மட்டும் "இன்னிக்கு என்ன கிழமை?" என்று பதினோரு தடவை கேட்டார் (எண்ணினேன், எண்ணியதே தப்பு என்று தெரியும்). பதினோரு தடவையும் குரலை உயர்த்தாமல்தான் பதில் சொன்னேன், ஆனால் ஏழாவது தடவைக்கு மேல் மேசை விளிம்பைப் பிடித்திருந்த கை வலித்தது. என் தம்பிக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை, சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுவான். அப்படியென்றால் கஷ்டமே படாத அவன் நல்லவன், இவ்வளவு கஷ்டப்படுகிற நான் அரைகுறையா? இது என்ன நியாயம்?

கடைசிவரிசை

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் பக்கம் வந்துவிடுங்கள். 1785-இல் வந்த அவருடைய அறவியல் நூலில், உதவ வேண்டும் என்ற எண்ணமே மனதில் எழாத ஒருவன் கடமைக்காக மட்டும் உதவினால் அந்தச் செயலுக்குத்தான் உண்மையான அற மதிப்பு என்கிறார். உங்கள் மேசை விளிம்புக்கு அங்கே முழு மதிப்பெண்.

பழையஏடு

காண்ட் ஆறுதலாகத்தான் இருப்பார், ஆனால் இவர் கேட்டது அரிஸ்டாட்டில் பற்றி.

முதலில் ஒன்று. மதிப்பெண் போடுவது அரிஸ்டாட்டிலின் வேலையே இல்லை. நாம் "யாருக்குப் பாராட்டு அதிகம்" என்று கேட்கிறோம், அவர் கேட்பது "யாருடைய வாழ்க்கை நன்றாக வாழப்பட்ட வாழ்க்கை" என்று. யூடைமோனியா என்ற சொல்லை மகிழ்ச்சி என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், அதனால்தான் பாதிக் குழப்பம். அது ஒரு மனநிலை இல்லை, ஒரு முழு வாழ்க்கை எப்படி நடந்தது என்பது. ஒரே ஒரு தகைவிலான் குருவி பறந்து வந்ததால் வசந்தம் வந்துவிடாது என்று முதல் பகுதியிலேயே சொல்லிவிடுகிறார். உங்களுடைய ஒரு சாயங்காலமும் அப்படித்தான்.

இந்தக் கண்ணில் பார்த்தால் உங்கள் தம்பிக்கு அதிகப் பாராட்டு போகவில்லை. தினமும் தனக்குள்ளேயே சண்டை போடுகிறவனைவிட, செய்வதும் விரும்புவதும் ஒன்றாக இருப்பவன் நன்றாக வாழ்கிறான், அவ்வளவுதான். இது உங்களுக்கே தெரியும், தெரியாமலா கை வலித்ததை இங்கே வந்து எழுதுகிறீர்கள்.

அப்புறம், தம்பிக்கு அது இயல்பாகவே வருகிறது என்றால் அரிஸ்டாட்டில் அதையும் உடனே அரெதே என்று ஒத்துக்கொள்ள மாட்டார். பிறவியிலேயே வருகிற நல்ல குணம் வேறு, முழுமையான பண்பு வேறு என்று ஆறாம் பகுதியில் பிரிக்கிறார். எங்கே எதைச் செய்ய வேண்டும் என்கிற விவேகம், ஃப்ரோனேசிஸ், கூடச் சேர்ந்தால்தான் அது முழுமை. அது இல்லாத நல்ல குணம், கண் தெரியாத வலுவான உடம்பு வேகமாக நடந்து பலமாக இடித்துக்கொள்வது மாதிரி.

சும்மாஒருவன்

நான் புரிந்துகொண்டது, எல்லாவற்றிலும் நடுவில் இரு, அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு, இவ்வளவுதானே இந்தப் புத்தகம்? இதற்கு ஏன் பத்துப் பகுதிகள்.

பழையஏடு

இல்லை சார். அவருடைய நடு என்பது அளவுகோலில் இருக்கும் நடு இல்லை. பத்து மினா (அந்தக் காலத்து எடை அளவு) சாப்பாடு அதிகம், இரண்டு மினா குறைவு என்றால் எல்லாருக்கும் ஆறு மினா போடு என்று பயிற்சியாளர் சொல்ல மாட்டார், மல்யுத்த வீரன் மைலோவுக்கு அது பத்தாது, புதிதாகச் சேர்ந்தவனுக்கு அதிகம் என்று உதாரணமே கொடுக்கிறார். சில நேரம் பயங்கரமாகக் கோபப்படுவதுதான் அந்த நடு. கோபப்படுவது யாருக்கும் சுலபம், சரியான ஆளிடம், சரியான அளவில், சரியான நேரத்தில், சரியான காரணத்துக்காகக் கோபப்படுவதுதான் கஷ்டம் என்கிறார். கொலை, திருட்டு மாதிரிச் சிலவற்றுக்கு நடு என்பதே கிடையாது என்றும் சொல்லிவிடுகிறார், அளவோடு திருடு என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது இல்லையா.

தெற்குவாசல்

எல்லாம் சரி, ஆனால் சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று அரசியல் நூலின் முதல் பகுதியில் வாதாடியவர் இவர். அந்தக் காலத்து ஏதென்ஸில் வசதியான வீட்டுக் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் யார் தலையில் விழுந்திருக்கும் என்று யோசியுங்கள். பதினொன்றாவது தடவை பதில் சொன்ன ஆளின் பக்கத்திலிருந்து இவர் எழுதவில்லை. அதற்கு நான் ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸைப் படிப்பேன், அவரே அடிமையாக இருந்தவர். அப்பாவின் ஞாபகம் உங்கள் கையில் இல்லை, உங்கள் பதில் உங்கள் கையில் இருக்கிறது என்று தொடங்கியிருப்பார்.

பழையஏடு

அடிமை விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை, அதற்குச் சப்பைக்கட்டு கட்டவும் மாட்டேன். ஆனால் ஸ்டோயிக்குகள் பண்பு இருந்தாலே போதும், வெளியே என்ன நடந்தாலும் நல்வாழ்வு கெடாது என்பார்கள். எனக்கு அதைவிட அரிஸ்டாட்டில்தான் நேர்மையாகத் தெரிகிறார். ட்ராய் நகரத்து அரசன் ப்ரியம் மாதிரி கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் இழந்தவனை நன்றாக வாழ்ந்தவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று ஒத்துக்கொள்கிறார். நல்லவனாக இருந்தும் அடி விழும். வீட்டில் மறதி நோய் வந்துவிட்டால் அது அடிதான்.

ஈரமண்

எல்லாரும் ஏழாம் பகுதியிலேயே நிற்கிறீர்கள். மூன்றாம் பகுதியில் வீரம் பற்றி வருவதைப் பாருங்கள். வீரனுக்கு வலிக்காது என்று அவர் சொல்லவே இல்லை. குத்துச்சண்டைக்காரனுக்கு முடிவில் கிடைக்கும் கிரீடம் இனிமையானதுதான், ஆனால் சதையும் ரத்தமுமான உடம்பு, அடி வலிக்கத்தான் செய்யும், இத்தனை அடிகளுக்கு நடுவே அந்த இனிமை கண்ணுக்கே தெரிவதில்லை என்கிறார். அதாவது சில பண்புகளில் வலி கூடவே வரும், அதனால் பண்பு குறைந்துவிடாது. கேள்வி, உங்கள் கை எதனால் வலித்தது? அப்பாவைத் திட்ட வேண்டும் என்று இருந்ததாலா, அப்பா இப்படி ஆகிவிட்டாரே என்பதாலா? முதலாவது என்றால் நீங்கள் சொன்ன அடக்கம்தான். இரண்டாவது என்றால் அதை அவரே தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, இது கொஞ்சம் கசக்கும். நாலாம் பகுதியில் கோபத்தை வெளியே காட்டாமல் உள்ளேயே வைத்திருப்பவர்களைப் பற்றி எழுதுகிறார். வெளியே தெரியாததால் யாரும் வந்து சமாதானம் சொல்வதில்லை, தனியாக அதைச் செரிக்க நாளாகிறது, இவர்கள் தங்களுக்கும் தங்களுக்கு ரொம்ப நெருக்கமானவர்களுக்கும்தான் அதிகத் தொல்லை என்கிறார்.

நள்ளிரவுவாசகன்

கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு அரை மணி நேரம் பதில் எழுதவில்லை. நேற்று அப்பாவுக்குப் பதினோரு தடவை பதில் சொல்லி முடித்த கையோடு, தட்டைக் கழுவவில்லை என்று தம்பியிடம் கத்தினேன். அதை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன்.

கை எதனால் வலித்தது என்றால், இரண்டும்தான், பிரிக்கத் தெரியவில்லை.

நாலாம் பகுதியில் அது எந்த இடம்?

ஈரமண்

ஐந்தாம் அத்தியாயம். ரொம்பச் சின்னது, இரண்டு மூன்று பக்கம்தான் வரும். கோபமே வராதவனையும் அதில் ஒரு பிடி பிடிக்கிறார், தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள்.