கணக்குப் பார்க்காமல் வாசிக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். களியக்காவிளையில் வசிக்கும் நான், ஆண்டுக்கு 50 நூல்கள் என்று குட்ரீட்ஸ் செயலியில் இலக்கு வைத்துப் படித்து வருகிறேன்; எண்ணிக்கை ஏறுகிறதே தவிர, தடித்த நாவலைக் கண்டால் கை தயங்கி, பக்கம் குறைந்த நூலையே தேடுகிறது. எல்லைக்கு அப்பால், கேரளத்தில், பி. என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள் (ஊர்தோறும் நூலகம் வேண்டும் என்று உழைத்த அவர், எத்தனை படித்தாய் என்று கேட்டிருப்பாரா என்பது ஐயமே).

இலக்கை நீக்கிவிட எண்ணுகிறேன். அவ்வாறு விட்டவர்கள், அடுத்த நூலை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், பிடிக்காததை எந்தக் கட்டத்தில் மூடி வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். தென் திருவிதாங்கூர் வாழ்க்கையைச் சொல்லும், ஆற அமரப் படிக்கத்தக்க நாவல்களையும் பரிந்துரைத்தால் மகிழ்வேன். மலையாளத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன் என்பதால் அம்மொழி நூல்களும் ஏற்புடையவையே.