செத்த முருகைக்கல்லுக்கும் சட்டமோ? கசூரினா பட்டியலுக்கு ஒரு மறுப்பு

காரைக்கடல்:
விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வாறவைக்கு எண்டு, காரைநகர் கசூரினா கடற்கரையைப் பற்றி வடமராட்சியான் நேற்றுப் போட்ட பட்டியலில ஒரு வரி: //கரையில ஒதுங்கின செத்த முருகைக்கல்லை ஞாபகத்துக்கு எடுக்கலாம், உயிரோட இருக்கிறதை உடைச்சால்தான் குற்றம்//. முழுப் பிழை. முருகைக்கல் எண்டால் பவளம்தான். 1981 ஆம் ஆண்டு 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை 1988 இல திருத்தினவை. கரையோர வலயத்துக்குள்ள முருகைக்கல்லைத் தோண்டிறது மட்டுமில்லை, சேர்க்கிறது, வைச்சிருக்கிறது, ஏத்திப் பறிக்கிறது, சூளையில சுடுறது எல்லாத்துக்கும் தடை. எந்த வடிவத்தில இருந்தாலும் தடை. செத்ததுக்கு விலக்கு எண்டு எங்க இருக்கு? காட்டுங்கோ.

வடமராட்சியான்:
வந்திட்டார் நீதவான். அந்தத் திருத்தம் சுண்ணாம்புச் சூளைக்காரரைப் பிடிக்கக் கொண்டு வந்தது. லொறி லொறியா ஏத்தினவனுக்குப் போட்ட சட்டத்தை, சின்னப் பிள்ளை காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள போட்ட கல்லுக்குக் காட்டிறீர். செத்தது செத்ததுதான்.

காரைக்கடல்:
//சூளைக்காரரைப் பிடிக்க// ஓம், நோக்கம் அதுதான். எழுதிக் கிடக்கிறது அதைவிட அகலம். லொறிக்கு ஒண்டு பொக்கற்றுக்கு ஒண்டு எண்டு அளவு போடேல்லை. செத்தது எண்ட சொல்லும் இல்லை.

தீவான்:
அப்ப நெடுந்தீவுக்கு ஒருக்கா வாங்கோ. ஒழுங்கை ஒழுங்கையா வேலி எல்லாம் முருகைக்கல், சாந்தும் இல்லாமல் அடுக்கினது. ஊர் முழுக்க மறியலுக்கோ?

காரைக்கடல்:
தலைமுறை தலைமுறையா நிக்கிற வேலியும் சுற்றுலாப் பையும் ஒண்டோ? ஆனால் அந்த வேலியில ஒரு கல்லை உருவினாலும் பிழைதான். நெடுந்தீவு ஒல்லாந்தர் கோட்டையில உருவினால் அதுக்கு 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தனி. அங்க நிண்டு படம் எடுங்கோ, ஏறாதேங்கோ.

வடமராட்சியான்:
கரையோர வலயம் எண்டால் கடல் பெருகி நிக்கிற சராசரி மேல்நீர்க் கோட்டில இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், வத்தி நிக்கிற சராசரி கீழ்நீர்க் கோட்டில இருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர். 301 ஆவது மீற்றரில நிண்டால் உம்மட சட்டம் எங்க?

காரைக்கடல்:
கல்லு 301 ஆவது மீற்றருக்கு நடந்தோ வந்தது? அதை எடுத்த இடம் கரை. அதோட 300 மீற்றரைத் தாண்டினாலும் 1937 ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிக்குது. 2009 இல திருத்தின அட்டவணையில பவளமும் இருக்கு, சில சங்கு சிப்பி இனமும் இருக்கு. ஆமையெண்டால் ஓடு, முட்டை ஒண்டும் தொடக்கூடாது.

சூரிச்மச்சான்:
இரண்டு பேரும் அருகிவாற உயிரினங்களின்ர வியாபாரத்துக்கான சைற்றிஸ் ஒப்பந்தத்தை விட்டிட்டியள். 2 தொடக்கம் 30 மில்லிமீற்றர் வரைக்குமான உடைஞ்ச செத்த பவளத் துண்டும் பவள மணலும் அதுக்குள்ள வராது. அப்ப விரல்நுனி அளவுத் துண்டு பிரச்சினை இல்லை.

வடமராட்சியான்:
பாத்தியளோ! செத்தது பிரச்சினை இல்லை. நன்றி மச்சான்.

காரைக்கடல்:
மச்சான், அது நாடு விட்டு நாடு போற வியாபாரத்துக்கான ஒப்பந்தம். சூரிச்சில இறங்கேக்க அதைக் காட்டலாம், பலாலியில ஏறேக்க காட்டேலாது. காங்கேசன்துறையில கப்பல் ஏறி நாகபட்டினம் போறவைக்கு இன்னும் மோசம். இந்தியாவின்ர 1972 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில பவளம் முதலாம் அட்டவணை. இந்தக் கரையில ஒரு குற்றம், அந்தக் கரையில இன்னொண்டு.

சூரிச்மச்சான்:
ஊரில குப்பை அள்ள ஆளில்லை, கல்லை எண்ண ஆள் இருக்கு.

தீவான்:
வெளிநாட்டில இருந்துகொண்டு ஊர்க் குப்பையைப் பற்றி எழுத நல்லாத்தான் வரும். ஓகஸ்ற்றில வந்து சவுக்குக்குக் கீழ போத்தலை எறிஞ்சிட்டுப் போறது ஆர்?

சாட்டிக்காத்து:
அதுதான் எங்கட வேலணைச் சாட்டிக் கடற்கரை திறம். கசூரினாவுக்குப் பிரதேச சபை ரிக்கற்றும் எடுத்து, போத்தல் பொறுக்கவும் வேணும்.

காரைக்கடல்:
சாட்டிக்காரர் எந்தக் கதையிலயும் சாட்டியைக் கொண்டு வந்து செருகுவினம். போத்தல் கதை வந்ததால சொல்லுறன், பட்டியலில அதுவும் பிழை. //கடற்கரை திறந்த வெளி, குடிக்கலாம்// எண்டு கிடக்கு. பொது இடத்தில குடிச்சால் பொலிஸ் வழக்குப் போடும். 21 வயசுக்குக் கீழ இருந்தால் விக்கவும் கூடாது. போயா அண்டைக்குச் சாராயக் கடை பூட்டு. சிகரெற்றுக்கு எண்டால் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் மூடின பொது இடத்தைத்தான் சொல்லுது. அதை வைச்சுக் குடியையும் சேர்த்து எழுதிப் போட்டார்போல. ட்ரோனைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின்ர அனுமதி இல்லாமல் அதைக் கிளப்பி, காற்று இழுத்துக் கடற்படை முகாம் பக்கம் கொண்டு போனால் பிறகு ட்ரோனும் இல்லை, சுற்றுலாவும் இல்லை.

வடமராட்சியான்:
கதையை மாத்தாதையும். கல்லுக்கு வாரும். கசூரினாவில கிடக்கிறது முருகைக்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ எண்டு முதல்ல உமக்குத் தெரியுமோ? குடாநாடே சுண்ணாம்புக்கல்லு.

காரைக்கடல்:
தெரியும். உள்ளங்கையில வைச்சு வெயிலுக்குச் சரிச்சுப் பிடியும். பூப்பூவா, நட்சத்திரம்போலச் சின்னத் துளை ஒழுங்கா நிரை கட்டி நிண்டால் முருகை. துளை தாறுமாறா, இடையில சிப்பி அச்சு ஒண்டு இரண்டு தெரிஞ்சால் சுண்ணாம்புக்கல்லு. அலையில கன காலம் உருண்டதெண்டால் வெளிப்பக்கம் மழுங்கிப் போகும், உடைஞ்ச முகத்தைத்தான் பாக்கோணும். இதெல்லாம் விமான நிலைய ஸ்கானரில தெரியாது, வெறும் கல்லுக் கட்டியாத்தான் தெரியும். அதுதான் பையைத் திறக்கச் சொல்லுறது. திறந்தாப் பிறகு "செத்ததுதான் ஐயா" எண்டு விளக்கம் சொல்லிக்கொண்டு நிக்க வேண்டியதுதான்.

வடமராட்சியான்:
செத்ததுக்கு என்ன பாதுகாப்பு? உயிர்ப்பிக்கப் போறியளோ?

காரைக்கடல்:
செத்த முருகை நொறுங்கித்தான் உம்மட காலுக்குக் கீழ இருக்கிற வெள்ளை மணல். துண்டு கரையில கிடந்தால் அலையின்ர அடியை வாங்கும், பிறகு மணலாகும். அதை அள்ளினால் கரை அரிக்கும். உங்கட வடமராட்சி மணற்காட்டில மணல் ஏத்தேக்க எங்க போனீர்?

வடமராட்சியான்:
மணற்காட்டை இழுக்காதையும். போன வருசம் பொன்னாலைப் பாலத்தைப் பற்றின விவாதத் திரியிலயும் இப்பிடித்தான் நீர் தோக்கேக்க வடமராட்சியை இழுத்தனீர்.

காரைக்கடல்:
தோத்தது ஆர்? அந்தத் திரியைப் பூட்டினதே நீர் தூசணம் எழுதினதால.

தீவான்:
வேலிக்கு ஒருத்தரும் இன்னும் ஒழுங்கா மறுமொழி சொல்லேல்லை.

சாட்டிக்காத்து:
சாட்டியில வெறும் மணல்தான், கல்லுப் பிரச்சினையே இல்லை.

வடமராட்சியான்:
பட்டியலில வரியை மாத்த மாட்டன். செத்தது செத்ததுதான்.

காரைக்கடல்:
மாத்தாதையும். "எந்த வடிவத்திலும்". நாளைக்கும் இதையே எழுதுவன்.