மீ: மீ: 'டிரெயின்' – அவசரமாக ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பவர்

வணக்கம் நண்பர்களே,

வெள்ளி இரவுக்குள் ஓர் அத்தியாயம் போயாக வேண்டும். பொருள்: சாக்கெட்டிலிருந்து (நிரல் வலைப்பின்னலோடு பேசும் முனை) படிப்பதை எப்படி விரைவாக்குவது. பெரும்பகுதி முடிந்தது. பஃபருக்கு (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம்) இடையகம் என்று போட்டேன். சாக்கெட்டை சாக்கெட் என்றே விட்டுவிட்டேன் (பொருத்துவாயா, கொளுவியா சண்டையை யாரும் மறுபடி கிளப்ப வேண்டாம், புண்ணியமாகப் போகும்). ஒரே ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்: டிரெயின் (drain, தேங்கியிருப்பதை வெளியேற்றுவது).

இடம் இதுதான். எந்தச் சாக்கெட்டில் தரவு வந்திருக்கிறது என்று லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் கரு) நிரலுக்குச் சொல்லும் வசதிதான் ஈபோல். அதை விளிம்பு முறையில் வைத்தால், புதிதாகத் தரவு வரும்போது கர்னல் ஒருமுறை சொல்லும். பத்தாயிரம் பைட் வந்திருக்கிறது, நாம் நாலாயிரத்தைப் படித்துவிட்டுத் திரும்பப் போய்க் காத்திருக்கிறோம் என்றால், மீதி ஆறாயிரம் கிடப்பதை அது நினைவூட்டாது. எதிர்முனை நம் பதிலுக்குக் காத்திருக்கும், நாம் கர்னலின் அறிவிப்புக்குக் காத்திருப்போம், இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் ரீட் அழைப்பு (கர்னலிடம் தரவைக் கேட்டு வாங்குவது) 'இப்போது ஒன்றுமில்லை, பிறகு வா' என்று ஈஅகெயின் என்ற பிழைக்குறியைத் தரும்வரை சுற்றிச் சுற்றிப் படிக்க வேண்டும். மூலத்தில் இதற்குப் பெயர் டிரெயின். பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது.

'முழுவதும் படித்தல்' என்று எழுதிப் பார்த்தேன். கோப்பைப் படிப்பது போல இருக்கிறது. சாக்கெட்டுக்கு 'முழுவதும்' என்று ஒன்று ஏது?

கொஞ்சம் கைகொடுங்கள்.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பிக்கு,

கேட்ட மாத்திரத்தில் வாயில் வருவது 'இறைத்தல்'. கிணற்றில் நீர் ஊறுகிறது, இறைக்கிறோம், தரை தெரிந்ததும் நிறுத்துகிறோம், ஊறியதும் மறுபடி இறைக்கிறோம். நீங்கள் எழுதியிருப்பது இம்மி பிசகாமல் அதுதான். இறைப்பு, இறைவை என்று பெயர்ச்சொற்களும் கைவசம் இருக்கின்றன.

வேரையும் பாருங்கள். 'இறு' என்றால் முடிதல்; இறுதி அதிலிருந்து வந்தது. தெளிந்த நீரை மெல்லச் சாய்த்து எடுப்பதும் இறுத்தல்தான். இறை என்பது இறுவிலிருந்து கிளைத்தது என்பது என் நெடுநாள் எண்ணம். அகராதிக்காரர்கள் ஒப்பாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. ஆக, 'முடியும்வரை எடு' என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அரசனும் இறை, வரியும் இறை, கடவுளும் இறை என்று எங்கெங்கோ போகும் சொல் அது. அதை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

பின்குறிப்பு: 'அத்தியாயம்' எதற்கு? இயல் இருக்கிறதே.

---

அனுப்பியவர்: கர்னல் பக்கம் வேலை பார்ப்பவர்

> கேட்ட மாத்திரத்தில் வாயில் வருவது 'இறைத்தல்'

ஐயா, அழகான சொல்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ரீட்வி என்று ஓர் அழைப்பு உண்டு. ஒரே தடவையில் வரும் தரவைத் தனித்தனி இடையகங்களில் பிரித்துப் போடும்: தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று. ஆங்கிலத்தில் இதைச் சிதறல் என்ற பொருளில் சொல்கிறார்கள். நான் என் குறிப்புகளில் பல ஆண்டாக 'இறைத்துப் படித்தல்' என்றுதான் எழுதிவருகிறேன். புத்தகம் இறைந்து கிடக்கிறது, வாரி இறைத்தான் என்கிறோமே, அந்த இறை. இரண்டும் ஒரே இயலில் வந்தால் (பாருங்கள், இயல் என்றே எழுதிவிட்டேன்) படிப்பவர் குழம்புவார்.

என் ஓட்டு வடித்தலுக்கு. வடிகால் எல்லாருக்கும் தெரிந்த சொல், நல்ல வினைத்தொகை.

---

அனுப்பியவர்: கல்லூரி விரிவுரையாளர்

வடித்தல் வேண்டாமே. வகுப்பில் 'வடி' என்றவுடன் பிள்ளைகள் வடிகட்டிக்குப் போய்விடுவார்கள். பாக்கெட் வடிகட்டி (வேண்டாத வலைப் பொதிகளைத் தடுப்பது) அதே பாடத்தில் இருக்கிறது. வடித்தல் என்றால் எதையோ நிறுத்திக்கொண்டு எதையோ விடுவது. இங்கே எதையும் நிறுத்தவில்லை.

இன்னொன்று. இடையகத்தில் இருப்பதை அள்ளுவது பைட் கணக்கில் நடக்கிறது, எழுத்துக் கணக்கில் அல்ல என்பதும் சொல்லில் தெரிந்தால் நல்லது. போன பருவத்தில் ஒரு மாணவி, இடைவெளியே இல்லாமல் தமிழ் எழுத்தாக அனுப்பி, 4096 பைட்டாகப் படித்து உடனுக்குடன் திரையில் காட்டினாள். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். 1365 குறி போக ஒரு பைட் மிச்சம். அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கேள்விக்குறி. எழுத்துரு சரியில்லை என்று இரண்டு நாள் எழுத்துருவை மாற்றிக்கொண்டிருந்தாள், பாவம். படித்து முடித்த பிறகல்லவா எழுத்தாக்க வேண்டும்!

எளிமையாகக் 'காலியாக்கல்' என்றால் என்ன?

---

அனுப்பியவர்: அவசரக்காரர்

எல்லாருக்கும் வணக்கம். டிரெயின் என்றே எழுதுங்கள். நிரலர்களுக்குப் புரியும். வேலை முடிந்தது. சாக்கெட் 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்தது, நாற்பது வருடம் தாண்டியும் அதற்கே நமக்கு ஒரு சொல் ஒட்டவில்லை. இதற்குள் லினக்ஸில் ஐஓ யூரிங் என்ற வசதி வந்து 'தயாரா' என்று கேட்பதே போய், 'படித்து முடித்ததும் சொல்' என்று ஆகிவிட்டது. நாம் சொல் தேடி முடிப்பதற்குள் டிரெயினுக்கே வேலை இருக்காது.

---

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பவர்

> டிரெயின் என்றே எழுதுங்கள்

எழுதிப் பார்த்தேனே. 'ஒவ்வொரு அறிவிப்புக்கும் சாக்கெட்டை டிரெயின் செய்ய வேண்டும்.' என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, எந்த ரயில் என்று கேட்டார். நூலின் கடைசி அத்தியாயத்தில் இயந்திரக் கற்றல் வருகிறது, அங்கே மாதிரியையும் 'டிரெயின்' செய்கிறார்கள். ஒரே எழுத்துக்கூட்டில் ரயில், பயிற்சி, இது மூன்றும். ஒலிபெயர்ப்பு எனக்கு விரோதி அல்ல, இந்த ஒரு சொல்லில் மட்டும் ஆகாது.

ஐஓ யூரிங் பற்றிச் சொன்னது சரி. அது 2019இல்தான் வந்தது. ஈபோலை நம்பி ஓடும் நிரல்கள் அப்படியே இருக்கின்றன.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

'காலி' அரபுச் சொல் என்பது விரிவுரையாளர் அம்மாவுக்குத் தெரியாததல்ல. பிறமொழிச் சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தினால் ஏற்கலாம் என்று தொல்காப்பியமே வழிவிட்டிருக்கிறது. ஆனால் டகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது. முறைப்படி எழுதினால் 'இடிரெயின்'. இடி விழுந்த ரயிலா?

இறைத்தலைக் கர்னல்காரர் பிடுங்கிக்கொண்டதால் (அதைச் 'சிதறல்' என்றே வைத்துக்கொண்டிருக்கலாம்) வேறொன்று தருகிறேன். ஒட்டக் கறந்தான் என்கிறோம் அல்லவா, ஒரு சொட்டு விடாமல்? அந்த 'ஒட்ட'. ஒட்டப்படித்தல்.

---

அனுப்பியவர்: கர்னல் பக்கம் வேலை பார்ப்பவர்

ஐயா மன்னிக்க வேண்டும், 'ஒட்டு' என்றால் இப்போது நகலெடுத்து ஒட்டுவதுதான். நகலைக் குறைப்பதுதான் இந்த இயலின் பாதி.

ஆனால் ஒட்டக் கறப்பது என்ற உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒட்டக் கறந்தால் கன்றுக்கு இல்லை. வேகமாக அனுப்பும் ஒரே ஓர் இணைப்பைத் தீரும்வரை படிப்பேன் என்று உட்கார்ந்தால், அது தீரவே தீராது. அது தொடத்தொட ஊறும் மணற்கேணி. மற்ற ஆயிரம் இணைப்புகளும் பட்டினி கிடக்கும். அதனால் சுற்றுக்கு இத்தனை பைட் என்று ஓர் உச்சவரம்பு வைத்து, மிச்சமிருக்கும் சாக்கெட்டை நாமே ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மூலத்தில் இது இல்லையென்றால் அடிக்குறிப்பாவது போடுங்கள் தம்பி.

கூடவே இதையும்: 16384 கேட்டு 900 வந்தால், அப்போதே தெரிந்துவிடும் உள்ளே வேறு இல்லை என்று. ஈஅகெயின் வாங்குவதற்காகவே இன்னொரு ரீட் போக வேண்டாம். பைட்டுகள் தொடர்ந்து ஓடிவரும் ஓடை வகைச் சாக்கெட்டுக்கு மட்டும் இது செல்லும் என்று ஈபோல் கையேட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. சின்னச் சின்னச் செய்தியாக வரும் இணைப்புகளில் ரீட் எண்ணிக்கை இதனால் பாதியாகும்.

எண்ணிக்கை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வரி முடிவைத் தேடுவதற்காக ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் நிரல் ஒன்றை எஸ்டிரேஸ் (நிரல் கர்னலை அழைப்பதையெல்லாம் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தேன். திரை முழுக்க ரீட், ரீட், ரீட், எல்லாவற்றுக்கும் எதிரே 1. அறுநூறு பைட் தலைப்புக்கு அறுநூறு தடவை கர்னலுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. இப்படி எழுதுபவருக்கு டிரெயின் என்றாலும் ஒன்றுதான், இறைவை என்றாலும் ஒன்றுதான்.

---

அனுப்பியவர்: இதுவரை வாயைத் திறக்காத ஓர் உறுப்பினர்

படித்துத் தீர்.

பேசித் தீர்த்தார்கள், தின்று தீர்த்தான் என்கிறோமே. சொல் புதிதாக ஆக்க வேண்டாம், ஏற்கெனவே வாயில் இருக்கிறது.

---

அனுப்பியவர்: கல்லூரி விரிவுரையாளர்

அட! இதை ஏன் யாரும் சொல்லவில்லை? 'சாக்கெட்டைப் படித்துத் தீர்க்க வேண்டும்.' விளக்கவே தேவையில்லை.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

வினையாக நன்று. கலைச்சொல்லாக? பெயர் எங்கே? 'தீர்ப்பு' வழக்குமன்றத்துக்குப் போய்விட்டது, 'தீர்வு' கணக்குக்கு. 'தீர்வை' சுங்கத்துக்கு. இறை வரி என்றேன், தீர்வையும் வரி! தப்பிக்க வழியில்லை போலும். 'படிதீர்' என்று வினைத்தொகையாகச் சுருக்கலாம் என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன்: வினைத்தொகைக்கு நிலைமொழி வினை, வருமொழி பெயர். இரண்டும் வினையானால் அது தொகையல்ல, தொல்லை.

---

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பவர்

நண்பர்களே, வெள்ளி இரவு பதினொன்றரை. 'படித்துத் தீர்த்தல்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். எண்ணிப் பார்த்ததில் நாலு பேர் சம்மதம், ஒருவர் மறுப்பு, அவசரக்காரர் இழையை விட்டே போய்விட்டார். உச்சவரம்பு அடிக்குறிப்பும் குறைவாக வந்தால் நிறுத்தும் குறிப்பும் சேர்த்தாயிற்று. ஐயாவுக்காக 'இயல்' என்று மாற்றிவிட்டேன்.

---

அனுப்பியவர்: கல்லூரி விரிவுரையாளர்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். உங்கள் வரைவை வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் சரியாக எழுதினார்கள். இரண்டு பேருடைய நிரலில் முதல் செய்திக்குப் பிறகு இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. பார்த்தால், ஈஅகெயின் வந்ததும் சாக்கெட்டை மூடியிருக்கிறார்கள். ஏனப்பா என்றேன். 'தீர்ந்துபோச்சுன்னு போட்டிருந்துச்சே மேடம்.'

ரீட் 0 தந்தால்தான் எதிர்முனை முடித்துக்கொண்டது என்று பொருள். ஈஅகெயின் என்றால் இப்போதைக்கு இல்லை, அவ்வளவுதான். நம் 'தீர்' இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறதோ?

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கிணறு வற்றினால் ஊறக் காத்திருப்பார்களா, மண்ணைப் போட்டு மூடுவார்களா? இதற்காகத்தான் முதல் மடலிலேயே இறைத்தல் என்றேன்.

---

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பவர்

ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோப்பு அச்சுக்குப் போய்விட்டது.