எல்-5ஐயும் 175ஐயும் ஒரே ஆம்பில் கேட்டபோது

நண்பர் ஒருவரிடம் கிப்சன் எல்-5 சிஇஎஸ் வந்திருக்கிறது. என்னிடம் இருப்பது அதே கம்பெனியின் இஎஸ்-175. இரண்டும் மேல்பலகை வளைந்த 'ஆர்ச்டாப்' ஜாஸ் கிட்டார்கள், கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் பொருத்தியவை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று ஒரே ஆம்ப், ஒரே கேபிள், இரண்டிலும் 12இல் (முதல் கம்பியின் தடிமன் 0.012 அங்குலம்) தொடங்கும் ஒரே ஃபிளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையான, வழவழப்பான) கம்பிகள் என்று முடிந்தவரை எல்லாவற்றையும் சமமாக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கம்பியைச் சமமாக்காமல் இரண்டு ஆர்ச்டாப்பை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கம்பிகளைத்தான் ஒப்பிடுகிறார்கள், அதனால்தான் இந்தப் பிடிவாதம்.

முதலில் ஆம்ப் இல்லாமல். இதில் போட்டியே இல்லை. எல்-5இன் மேல்பலகை ஸ்ப்ரூஸ் கட்டையைக் குடைந்து செதுக்கியது, உடம்பின் அகலம் 17 அங்குலம். 175இன் மேல்பலகை மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி அழுத்தி வளைத்தது, பச்சையாகச் சொன்னால் பிளைவுட், அகலமும் 16¼ அங்குலம்தான். எல்-5இன் ஆறாவது கம்பியில் ஒரு ஜி அடித்தால் மடியில் இருக்கிற கிட்டார் முழுக்க அதிர்வது நமக்கே தெரிகிறது. 175 ஆம்ப் இல்லாமல் விரல் பயிற்சிக்குப் போதும், அவ்வளவுதான்.

ஆம்பில் செருகியதும் கதை மாறுகிறது. குறைந்த ஒலியில் எல்-5இன் ஸ்வரம் பிறந்த பிறகு கொஞ்சம் விரிந்து நிற்கிறது, கீழ்க்கம்பிகளில் நல்ல கனம், கார்வையும் நீளம். 175இல் முன்னால் 'டொக்' என்று ஒரு தட்டல், அப்புறம் ஒலி சீக்கிரமே இறங்கிவிடுகிறது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இந்த 'டொக்'தான் வேண்டும். பாடகருக்கோ சாக்ஸபோனுக்கோ பின்னால் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து) போடும்போது ஒவ்வொரு கார்டும் தானாகவே இடத்தைக் காலிசெய்துவிட்டுப் போவது எவ்வளவு வசதி என்பது வாசித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் பகுதியின் நீளம். எல்-5இல் 25½ அங்குலம், 175இல் 24¾. ஒரே கம்பியை ஒரே ஸ்ருதிக்கு ஏற்றினால் நீளமான ஸ்கேலில் இழுவிசை சுமார் 6 சதவீதம் கூடும். கணக்கில் சின்னதாகத் தெரிந்தாலும் கைக்கு உடனே தெரிந்துவிடுகிறது, எல்-5இல் கம்பி பிக்குக்கு (மீட்டும் சில்லுக்கு) எதிர்த்து நிற்கிறது, அதனாலேயே நாம் வேறு மாதிரி அடிக்கிறோம். மரம் மரம் என்று நாம் பேசிக்கொள்வதில் கணிசமான பங்கு இந்த முக்கால் அங்குலத்துடையதோ என்று எனக்குச் சந்தேகம்.

டிரம்ஸ், பாஸ் வந்து சேர்ந்த பிறகு வித்தியாசம் இன்னும் சுருங்கியது. எல்-5இன் கீழ்க்கனம் பாஸோடு மோதியது, ஆம்பில் பாஸ் நாபைக் குறைத்தோம், குறைத்ததும் எதை ரசித்தோமோ அதுவே பாதி போய்விட்டது. கடைசிவரை மாறாமல் நின்றது அந்தக் கார்வை வித்தியாசம் ஒன்றுதான்.

போகிறபோக்கில் இதையும் செய்து பாருங்கள்: 175இல் பிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் மீட்டினேன், டோன் நாபைக் கொஞ்சம் குறைத்தேன், எல்-5 பக்கம் பாதி தூரம் போய்விட்டது! ஜாஸ் கிட்டார் மேதை வெஸ் மாண்ட்கோமரி எல்-5இல் வாசித்தார் என்று எல்லோரும் சொல்கிறோம். அவர் கட்டைவிரலால் வாசித்தார் என்பதையும் சேர்க்காமல் எல்-5 டோனைப் பற்றிப் பேசி என்ன பயன்?

*

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா, ஆனால் மேல்கம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லையே. நான் கார்டோடு மெட்டையும் சேர்த்துத் தனியாக வாசிக்கிற ஆள், எனக்கு வித்தியாசம் முழுக்க முதல் இரண்டு கம்பிகளில்தான். பத்தாவது ஃபிரெட்டுக்கு மேலே எல்-5இல் மெட்டு தடிமனாக நிற்கிறது, நான் வாசித்த 175களில் அதே இடம் மெலிந்து போகிறது. பாஸும் டிரம்ஸும் இல்லாத இடத்தில் அந்தக் கீழ்க்கனம் யாரோடும் மோதுவதில்லை, அங்கே எல்-5தான் என் தேர்வு, யோசிக்கவே மாட்டேன்.

அப்புறம், 175 டோன் என்று ஒன்று இருப்பதாக நீங்கள் பேசுவதும் எனக்கு ஒப்பவில்லை. 1949இல் அது வந்தபோது இருந்தது ஒற்றைச் சுருள் கொண்ட பி-90 பிக்கப். (விலை 175 டாலர், பெயரே அதிலிருந்து வந்ததுதான்.) இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் 1957இல்தான் வந்தது. பி-90 இருக்கிற பழைய 175 ஒன்றை வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது, கார்டுக்குள் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது, நீங்கள் சொல்லும் 'டொக்' கூட இன்னும் கூர்மை. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜிம் ஹாலின் பழைய பதிவுகள் பலவற்றில் கேட்பது பி-90 போட்ட 175தான். இன்னொரு ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜோ பாஸின் 175இல் ஹம்பக்கர். இரண்டு பேரையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு ஒரே மாடல் என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். பிக்கப் மாறினால் வருகிற வித்தியாசம், என் காதுக்கு, பிளைவுட்டுக்கும் செதுக்கிய மரத்துக்கும் நடுவே இருப்பதைவிடப் பெரியது.

*

ஃபீட்பேக்கைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை, ஆச்சரியம். பிக்கப் மேல்பலகையில் படாமல் மிதக்கிற, செதுக்கிய மரக் கிட்டார் ஒன்றைச் சத்தமான ஒரு குழுவுக்கு எடுத்துப்போனேன். ஏ ஸ்வரத்தைத் தொட்டாலே ஊளை. ஆம்பின் ஒலி மேல்பலகையை ஆட்ட, அது கம்பியை ஆட்ட, பிக்கப் அதைத் திரும்ப ஆம்புக்கே அனுப்ப, நிற்கிற வழியில்லை. இடைவேளையில் மேல்பலகையின் எஃப் வடிவத் துளைகளுக்குள் துணியைத் திணித்துத்தான் சமாளித்தேன், திணித்ததும் கிட்டாரின் சொந்தக் குரலும் அடங்கிவிட்டது. 175 இந்த விஷயத்தில் அவ்வளவு கவலை தராது, ஒட்டுப்பலகை அவ்வளவு எளிதில் ஆடாது.

எல்-5 சிஇஎஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1922இல் வந்த எல்-5 ஆம்பே இல்லாத காலத்துப் பொருள், பெரிய குழுவுக்கு நடுவே தன் பலத்தில் கேட்க வேண்டும் என்று செய்தது. 1951இல் வந்த அதன் மின்சார வடிவமான சிஇஎஸ்ஸில் பலகையை வெட்டி இரண்டு பிக்கப்பைப் பதித்தார்கள், பலகையையும் தடிமனாக விட்டார்கள். அதனால் அதன் ஆம்ப் இல்லாத ஒலியைக் கேட்டுவிட்டு எல்-5 இப்படித்தான் என்று முடிவுகட்டாதீர்கள், பழைய அக்கௌஸ்டிக் எல்-5 முற்றிலும் வேறு வாத்தியம்.

ஒப்பிடுவதற்கு முன்னால் பிரிட்ஜையும் (மேல்பலகைமேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பாருங்கள். ஆர்ச்டாப்பில் அது ஒட்டியிருப்பதில்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது, எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் நகர்ந்துவிடும். ஒரு கடையில் வாசித்த கிட்டாரில் மேல் ஃபிரெட்டுகளில் எந்தக் கார்டும் ஒட்டவில்லை, 12ஆவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிட்டால் இரண்டும் இரண்டு ஸ்ருதி. பிரிட்ஜைக் கொஞ்சம் தள்ளிவைத்ததும் சரியாகிவிட்டது. டோன் சுமார் என்று அதுவரை எத்தனை பேர் அதை வைத்துவிட்டுப் போனார்களோ.

*

பிரிட்ஜ் இரண்டிலும் சரிபார்த்த பிறகுதான் வாசித்தோம் நண்பரே. மேல்கம்பி விஷயம் நியாயம், தனியாக வாசிப்பதாக இருந்தால் நானும் எல்-5ஐத்தான் எடுப்பேன், குழுவில் என்றால் என் 175ஐ விடமாட்டேன். பி-90 பற்றிச் சொன்ன தம்பிக்கு ஒரு கேள்வி: அந்தப் பழைய 175இல் என்ன கம்பி இருந்தது? ரவுண்ட்வவுண்ட் (மேல்சுற்று உருண்டையான கம்பி) என்றால் அந்தக் கூர்மையில் பாதி கம்பியுடையது.