புதுப்பிப்பு: மாலரின் 2ஆம் சிம்பொனி, எந்த ஒலிப்பதிவு?

இசையமைப்பாளர் மாலரின் இரண்டாம் சிம்பொனிக்கு (பெரிய வாத்தியக் குழுவுக்கான நீண்ட இசைப் படைப்பு) ஒரேயொரு ஒலிப்பதிவு வாங்குவதென்றால் எந்த இசை நடத்துநருடையது, கிளெம்பெரரா, மேத்தாவா, பெர்ன்ஸ்டைனா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கடைசியில் வாங்கியது சுபின் மேத்தா வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் 1975இல் பதிந்ததை.

கடைசிப் பகுதியில் கோரஸ் நுழையும் இடத்தை மட்டும் மூன்றிலும் அடுத்தடுத்துக் கேள் என்று சொன்ன அண்ணையின் யோசனைதான் சரிவந்தது. அந்த இடம் எவ்வளவு மெல்லியதென்றால், திருநெல்வேலியில் எங்கட வீட்டு மின்விசிறி ஓடினால் ஒன்றும் கேளாது, அதனால் விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்து வழிய ஹெட்போனில் கேட்டேன். மேத்தாவில் குரல்கள் எங்கே தொடங்கின என்றே தெரியவில்லை, அதுதான் பிடித்தது. கிளெம்பெரர் ஏறக்குறைய 79 நிமிடத்தில் முடித்துவிடுகிறார், கொஞ்சம் கறார். 1987 நியூயோர்க் பதிவில் பெர்ன்ஸ்டைனுக்கு 93 நிமிடமளவு வேண்டும். இழுவைதான், ஆனாலும் முடிவில் மனுசன் உலுக்கிவிடுகிறார்.

எதிர்பாராத ஒன்று: மேத்தாவிலும் பெர்ன்ஸ்டைனிலும் நாலாம் பகுதியைப் பாடுவது அதே பாடகி கிறிஸ்டா லுட்விக், 12 வருட இடைவெளியில். அப்புறம், முதல் பகுதி முடிந்ததும் 5 நிமிடமாவது இடைவெளி விடும்படி மாலரே குறித்திருக்கிறார். எனக்கு அந்த இடத்தில் கரண்ட் போய் அரை மணித்தியாலம் கிடைத்தது.