1500 மீட்டர் பயிற்சியில் கணைக்கால் வலி: ஓடலாமா, நிறுத்தணுமா?

மணக்குடி தம்பி:
இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கணும். தினமும் 2 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவன், மூன்று வாரமாக 6 கி.மீ. ஓடுகிறேன், சொத்தவிளை கடற்கரையில் வெறுங்காலோடு. இப்போது இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பை ஒட்டி வலி. ஓடத் தொடங்கும்போது குத்துகிறது, உடம்பு சூடானதும் குறைகிறது, வீட்டுக்கு வந்ததும் மறுபடி பிடிக்கிறது. ஊர் ஆசான் எண்ணெய் போட்டு உருவிவிட்டார். அன்றைக்கு மட்டும் சுகம்.

பிசியோ அக்கா:
தம்பி, உட்கார்ந்துகொண்டு கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பாருங்கள். வலி நீளமாகப் பரவியிருக்கிறதா, ஒரே புள்ளியில் சுள்ளென்று இருக்கிறதா? ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா?

மணக்குடி தம்பி:
அரைச் சாண் நீளத்துக்கு வலிக்குது அக்கா. ராத்திரி வலி இல்லை.

பிசியோ அக்கா:
அப்படியென்றால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளிண்ட்ஸ்தான், அதாவது அதிக ஓட்டத்தால் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் வரும் வலி. ஓடும்போது எலும்பு வாங்கும் அடியை அது ஓய்வில்தான் சரிசெய்துகொள்ளும். நீங்கள் தூரத்தை மும்மடங்காக்கிவிட்டு ஓய்வே கொடுக்கவில்லை. உதிரி மணலில் கால் புதையப் புதைய கெண்டைச் சதைக்கு வேலை கூடும். அலை நனைத்த மணல் கெட்டியாக இருந்தாலும் கடல் பக்கம் சரிவு, பாதம் ஒருபக்கமாகச் சாயும்.

இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம். சைக்கிள், நீச்சல் சரி. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். எலும்பின் மேல் அழுத்தி உருவ வேண்டாம், ஆசானிடமும் சொல்லிவிடுங்கள். வலி அடங்கியதும் படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், முட்டியை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை. நடந்தால் வலி இல்லை என்றான பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. சமமான தரை, நல்ல ஷூ.

வடசேரி ஓட்டக்காரி:
தம்பி, நான் இதே வலியோடு ஓடினேன். பிறகு வலி ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி ஆனது. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மறுபடி ஓடினேன். எம்.ஆர்.ஐ.யில்தான் எலும்புக் கீறல் தெரிந்தது. மூன்று மாதம் போச்சு.

பிசியோ அக்கா:
ஆமாம், புதிய கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ஒற்றைக்காலில் குதித்தால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, ராத்திரி வலி வந்தாலோ, உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஓடும்போது பாதம் மரத்துப்போனாலும் காட்டணும்.

மணக்குடி தம்பி:
தேர்வுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கு அக்கா. நாளையிலிருந்து சைக்கிள்தான்.